குட்டி கழிஞ்சா பூச்சி மருந்துதானா?

போன கார்த்திகையில ஒரு வாரம் விடாம மழை. அந்த ஒரு வாரத்துல எங்க கொட்டகையில இருந்த 7 குட்டியில 4 செத்துப் போச்சு. எல்லாம் கன்னி ஆட்டுக் குட்டி, ரெண்டு மாசம் நிறையாதது.

முதல் குட்டி புழுக்கை போடாம கொழகொழன்னு கழிஞ்சது. வாலடியெல்லாம் ஒட்டிப் போய், முடி சிலிர்த்து, தாய்கிட்டப் போகாம மூலையில நின்னுச்சு. நான் முப்பது வருஷமா ஆடு வளர்க்கிறவன். பார்த்ததுமே பூச்சிதான்னு முடிவு பண்ணி, வீட்டுல இருந்த குடற்புழு மருந்தை ஊத்தினேன். மறுநாள் அடுத்த குட்டி. அதுக்கும் அதே மருந்து. மூணாவது செத்த பிறகுதான், நாலாவது குட்டியோட கழிச்சலை ஒரு டப்பாவுல எடுத்துக்கிட்டு கால்நடை மருந்தகத்துக்குப் போனேன்.

டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பில வச்சுப் பார்த்துட்டு என்னையும் பார்க்கச் சொன்னாங்க. பொடிப்பொடியா முட்டை மாதிரி கூட்டம் கூட்டமாத் தெரிஞ்சது. "இது புழு முட்டை இல்ல அண்ணாச்சி, காக்சிடியா. நீங்க ஊத்தின மருந்து இதை ஒண்ணும் செய்யாது"ன்னாங்க.

நாம பூச்சின்னு சொல்றது நாடாப்புழு, உருண்டைப்புழு மாதிரி. இது வேற. ஒரே செல்லால ஆன உயிர், எய்மீரியான்னு பேரு. குடலோட உள் சவ்வுக்குள்ள புகுந்து பெருகி அதைச் சிதைச்சிடும். ஆல்பெண்டசோல் இதுகிட்ட எடுபடாது. சல்ஃபா வகை மருந்தோ ஆம்ப்ரோலியமோ, குட்டியோட எடை பார்த்து டாக்டர் சொல்ற அளவுல கொடுக்கணும். இதுக்கு 'ரத்தக் கழிச்சல்'னு பேர் வச்சிருக்காங்க. அந்தப் பேருதான் என்னை ஏமாத்துச்சு. கழிச்சல்ல ரத்தமே இல்ல. ஆட்டுக்கு ரத்தம் இல்லாமலே இது வருமாம்.

பெரிய ஆட்டு வயித்துலயும் இது கொஞ்சம் இருக்கும், அதுக்குப் பழகிப் போயிருக்கும். புழுக்கையோட வெளிய வந்த கிருமி ஈரமும் வெதுவெதுப்பும் கிடைச்சா சில நாள்லயே தொத்துற பக்குவத்துக்கு வந்துடும். குட்டி தரையை நக்கும், தாயோட அழுக்கு மடியைச் சப்பும். மழைக்காலத்துக்கு வேற என்ன வேணும்?

மாட்டுக்கும் இதே கதைதான். கலப்பினப் பசு காய்ச்சலோட காப்பித் தண்ணி நிறத்துல மூத்திரம் போனா, சூடுன்னு சொல்லி மோர் ஊத்துறோம். உண்ணி கடிச்சு வர்ற பபீசியாவா இருக்கலாம், வேற காரணமும் இருக்கலாம். காது நுனியில ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும்.

பட்டணத்துல வேலை பார்த்துக்கிட்டே ஊர்ல ஆடு வாங்கி விட்டிருக்கிற தம்பிமார் சிலர் எனக்கு போட்டோ அனுப்பி, "என்ன மருந்து குடுக்கலாம் அண்ணே?"ன்னு கேக்குறாங்க. தம்பிகளா, போட்டோவுல கழிச்சல்தான் தெரியும். அதுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாது. கொட்டகைக்கு லட்சம் லட்சமாப் போடுறீங்க, கொஞ்சம் சாணத்தை டெஸ்டுக்கு அனுப்ப யோசிக்கிறீங்க.

எங்க ஆளுகளையும் சொல்லணும். ஊசி போட்டாத்தான் டாக்டர், சாணி கொண்டான்னு சொன்னா வேலை தெரியாத டாக்டர்னு பேசுறோம். மானியம் கேட்டு மனு குடுக்கிற நாம, மருந்தகத்துக்கு நல்ல மைக்ராஸ்கோப்பும் அதைப் பார்க்க ஒரு ஆளும் வேணும்னு ஒரு நாளாவது கேட்டிருக்கோமா? ஒரே டாக்டர் அத்தனை ஊருக்கும் ஓடினா எப்ப உக்காந்து பார்ப்பாங்க?

நாலாவது குட்டியும் பிழைக்கல, மருந்து தாமதம். மிச்சம் மூணும் தேறிடுச்சு. கொட்டகைத் தரையைச் சுரண்டி எடுத்துட்டுப் புது மண் போட்டேன், தண்ணித் தொட்டியைப் புழுக்கை விழாத உயரத்துக்குத் தூக்கி வச்சேன். இந்த வருஷம் ஐப்பசி பிறந்ததுமே ரெண்டு டப்பாவைக் கழுவி இறவாணத்துல சொருகி வச்சிருந்தேன். நேத்து ஒரு குட்டி கழிஞ்சது, டப்பாவோட போனேன். டாக்டரம்மா வேற ஊருக்கு முகாமுக்குப் போயிருந்தாங்க. நாளைக்குக் காலையில மறுபடியும் போகணும்.