நகரத்து வெள்ளமும் கணிப்பொறிக் கூட்டுறவும்

1955-ஆம் ஆண்டில் ஹெச். இ. ஸி. 2எம் என்னும் மின்னணுக் கணிப்பொறி இங்கிலாந்திலிருந்து கொல்கத்தா வந்து, இந்தியப் புள்ளியியல் நிலையத்தில் இடம்பெற்றது. அந்நாளில் கணக்குகள் பொறியைத் தேடிச் சென்றன. இன்றோ பொறியே சிற்றுருக் கொண்டு, கணக்கு உள்ள இடந்தோறும் சென்றுவிட்டது.

எங்கும் பரவிய இச்சிறு பொறிகள் அளக்க வல்லவை. பெருங் கணக்குகளைச் செய்ய வல்லவையல்ல. அதற்கு உரியது ‘கிரிட்’ முறை. பல நிலையங்களின் கணிப்பொறிகளை இணைத்து, மின்சாரத்தைப் போன்று கணிப்பாற்றலையும் வேண்டும்போது வேண்டுமளவு பெறுவதே அதன் தத்துவம். ஜினீவாவை அடுத்த ஸெர்ன் ஆராய்ச்சிக்கூடத்தில் நிகழும் ‘ஆலிஸ்’ பரிசோதனையின் அளவீடுகளைப் பகுத்தாராயும் உலகக் கிரிட்டில், கொல்கத்தாவின் சைக்ளோட்ரான் மையமும் ஓர் அங்கமாகும்.

இவ்விரு முறைகளும் ஒன்றுகூட வேண்டிய இடம் அந்நகரின் தெருக்களே எனலாம். ஹூக்ளி நதியில் கடலேற்றத்தின்போது வடிகால் மதகுகளை மூட நேர்கிறது. அவ்வேளையில் கனமழை பெய்தால் நீர் நகரிலேயே தேங்கும். ஆகவே மழை, மதகு, ஏற்றம் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கணக்கிடுதல் அவசியம். 2018-ஆம் ஆண்டளவில் ஆசிய வளர்ச்சி வங்கியின் உதவியுடன், நகரில் உணர்கருவிகள் அமைத்து வெள்ள முன்னறிவிப்பு முறையொன்று ஏற்படுத்தப்பட்டது. ஆயினும் 2025 செப்டம்பர் 23-ஆம் நாளையொட்டி, 24 மணி நேரத்திற்குள் சுமார் 250 மில்லிமீட்டர் மழை பொழிந்தபோது பலர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தேங்கிய நீரில் மின்சாரம் தாக்கி இறந்தவர்கள்.

எத்தெருவில் எப்போது நீர் தேங்கும் என்பது ஒரு மணி நேரம் முன்னதாகத் தெரியுமாயின், அத்தெருவின் மின்னோட்டத்தை நிறுத்திவிடலாம். இதற்கு வேண்டிய ஆற்றல் நகரில் இல்லாமலில்லை. 2024 செப்டம்பரில் எஸ். என். போஸ் தேசிய விஞ்ஞான மையத்தின் ‘பரம் ருத்ரா’ மீத்திறன் கணிப்பொறி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

கிரிட்டில் கணக்குகள் வரிசையில் காத்திருத்தல் வழக்கம். மழையோ காத்திராது என்று சிலர் கூறலாம். புயலில் செய்தித் தொடர்பு அறுபடும் என்பதும் மெய்யே. ஆகவே, மழைக்காலத்தில் வெள்ளக் கணக்குக்கு முதலிடம் அளிக்கும் உடன்படிக்கை முன்னரே ஏற்படவேண்டும். தொடர்பு அறுந்தாலும் அபாய அளவைக் கண்டு எச்சரிக்கும் திறன் உணர்கருவியிடமே இருத்தல் வேண்டும்.

அணுத்துகள்களின் மோதலைக் கணக்கிடக் கடல் கடந்து நிலையங்கள் கூடின. தெருநீரைக் கணக்கிட ஒரே நகரின் நிலையங்கள் கூடுவது அரிதன்று. உரியோர் காலந்தாழ்த்தாது ஆவன செய்தல் நலம்.