ஆறு நூல்களும் ஒரு சுங்கச் சீட்டும்

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள், அம்பத்தூர் ஓ.டி.யில் இருக்கும் எங்கள் நண்பர் வீட்டு வாசலில் கூரியர் இளைஞர் ஒருவர் வந்து நின்றார். கையில் இரண்டு செங்கல் பருமனில் ஓர் அட்டைப் பெட்டி. கையெழுத்துப் போடப் போன நண்பரிடம், "சார், இதுக்கு 1,912 ரூபா கட்டணும் சார், ட்யூட்டி" என்றார். பெட்டிக்குள் இருந்தவை கனடாவிலிருந்து வரவழைத்த ஆறு தமிழ் நூல்கள். அவற்றின் விலை 5,600 ரூபாய். அனுப்பும் செலவையும் முன்னரே தனியாகக் கட்டியிருந்தோம். இப்படியொரு மூன்றாவது தொகை வாசலில் வந்து நிற்கும் என்று எவரும் எங்களிடம் சொல்லவில்லை.

நாங்கள் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் வாழும் ஏழெட்டுப் பேர். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி, படித்ததைப் பேசிக் கலைவோம். தொழிற்பேட்டையில் உழைத்து ஓய்வு பெற்றவரும் உண்டு, பள்ளி ஆசிரியர்களும் உண்டு. வெளிநாட்டு நூல்களைத் தனித்தனியே வாங்க எவருக்கும் இயலாது என்பதால் பணம் சேர்த்து வாங்கி, சுற்றுக்கு விடுகிறோம். ஆகவே அந்த 1,912 ரூபாய் எங்கள் கணக்கில் சிறிய தொகையன்று. நண்பர் அதைக் கட்டிவிட்டு, சீட்டைப் பத்திரமாக அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவந்தார். அன்று நூல்களை விட்டுவிட்டுச் சீட்டைத்தான் படித்தோம்.

படித்த பிறகுதான் எங்கள் கோபம் எங்கே போகவேண்டும் என்பது விளங்கிற்று. அதில் சுங்க வரி என்று அரசுக்குப் போனது 400 ரூபாய்க்கும் குறைவு. மீதி முழுவதும் பொதியை விடுவித்துக் கொடுத்ததற்கான கட்டணம், எங்கள் சார்பில் வரியை முன்கூட்டியே செலுத்தியதற்கான கட்டணம், இவ்விரண்டின் மீதும் 18 விழுக்காடு சேவை வரி. 400 ரூபாயை எங்களுக்காகக் கட்டியதற்கு அதைப் போல் மூன்று மடங்குக்கும் மேலான கூலி. நூலுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அந்த நூலை வாசல்வரை கொண்டுவரும் காகிதத்துக்கு உண்டு.

அந்த வரியின் வரலாறு நீண்டதல்ல. 2019 ஜூலை 5 அன்று தாக்கலான நிதிநிலை அறிக்கையில், இறக்குமதியாகும் நூல்களுக்கு 5 விழுக்காடு சுங்க வரி அறிவிக்கப்பட்டது. உள்நாட்டுப் பதிப்பு, அச்சுத் தொழில்களை ஊக்குவிப்பதற்காக என்று காரணமும் சொல்லப்பட்டது. நூலின் விலையோடு அதைக் கொண்டுவரும் செலவில் ஒரு பகுதியும் சேர்த்தே மதிப்புக் கணக்கிடப்படுகிறது. அதே ஆண்டு டிசம்பரில், அன்பளிப்பாக வரும் பொதிகளுக்கு 5,000 ரூபாய்வரை இருந்த விலக்கும் போயிற்று. உயிர்காக்கும் மருந்துகளும் ராக்கிக் கயிறும் மட்டும் தப்பின. ராக்கிக்குக் கிடைத்த சலுகை ஒரு கவிதைத் தொகுதிக்கும் கிடைத்திருக்கலாம் என்று எங்களில் ஒருவர் சொன்னார். அவர் கவிஞர், பொறுத்துக்கொண்டோம்.

இனி நாங்கள் சொல்ல வந்தது. பெட்டியைப் பிரித்து ஒவ்வொரு நூலின் பின்பக்கத்தையும் புரட்டியபோது, ஆறில் இரண்டு நூல்கள் சென்னையில் அச்சானவை என்று கண்டோம். இதில் வியப்பில்லை. டொராண்டோவிலும் இலண்டனிலும் பாரிஸிலும் வாழும் ஈழத்து எழுத்தாளர்கள் பலர் தம் நூல்களைச் சென்னை அச்சகங்களில்தான் அச்சிடுகிறார்கள். இங்கே அச்சாகி, கடல் கடந்து போய், வெளியீட்டு விழா கண்டு, திரும்பவும் இங்கேயே வந்த நூல்கள் அவை. உள்நாட்டு அச்சுத் தொழிலைக் காப்பதற்கான வரியை, உள்நாட்டு அச்சகத்தில் பிறந்த நூலுக்கே அம்பத்தூரில் கட்டினோம். அந்த அச்சகம் எங்கள் வீட்டிலிருந்து ஒரு பேருந்து தூரத்தில் இருக்கிறது.

காப்பு வரியே கூடாது என்று வாதிட நாங்கள் வரவில்லை. 1970களில் சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு இந்திய இதழ்கள், நூல்களின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது, தமிழ்நாட்டில் பலர் அதைத் தமிழுக்கு நேர்ந்த இடர் என்றார்கள். ஈழத்தில் நடந்தது வேறு. நம் வணிக இதழ்களின் வெள்ளம் வடிந்த இடத்தில் அவர்களுடைய வாசகர்கள் தங்கள் எழுத்தாளர்களைத் திரும்பிப் பார்த்தார்கள். வீரகேசரி பிரசுரங்கள் வரிசையாக வெளிவந்தன. பாலமனோகரனின் 'நிலக்கிளி'யும் செங்கை ஆழியானின் 'வாடைக்காற்'றும் அந்த வரிசையில் வந்தவையே. 1977க்குப் பின் கதவு திறந்ததும் அந்த வரிசை மெலிந்தது. பெருஞ்சந்தையின் பக்கத்தில் ஒதுங்கி நிற்கும் சிறிய சந்தைக்குக் காப்பு தேவைப்படுவதை நாங்கள் புரிந்துகொள்கிறோம். ஆனால் இங்கே பெரிய சந்தையல்லவா சிறியதைத் தடுக்கிறது? முந்நூறு பிரதிகள் அச்சிடும் ஒரு டொராண்டோ கவிஞரால் தமிழ்நாட்டுப் பதிப்பகம் எதற்கு இடர் வந்துவிடும்? அவருடைய நூலுக்குப் பதிலாக நாங்கள் வாங்கக்கூடிய உள்நாட்டுச் சரக்கு ஒன்று உண்டா?

ஆங்கில நூல்களைத் தேடுவோரின் துன்பமும் எங்களுக்குத் தெரியும். 2007 மே மாதத்தில் அமெரிக்க அஞ்சல் துறை வெளிநாடுகளுக்கான கப்பல் அஞ்சலை நிறுத்தியது. மாதக்கணக்கில் காத்திருந்தாலும் மலிவாக வந்துசேர்ந்த வழி அத்தோடு அடைபட்டது. பிறகு சில ஆண்டுகள் பிரிட்டனின் புக் டெப்பாசிட்டரி அனுப்பும் செலவின்றி ஒற்றை நூலைக்கூட ஆவடி அஞ்சலகம்வரை கொண்டுவந்து சேர்த்தது. 2023 ஏப்ரலில் அதுவும் மூடப்பட்டது. இப்போது ஆதார் நகல் கேட்டுக் குறுஞ்செய்தி அனுப்பும் கூரியர்களே மிச்சம்.

நூலுக்கு வரி விதிப்பதைப் பற்றி உலகம் யோசிக்காமல் இல்லை. 1950இல் யுனெஸ்கோ ஃபிளாரன்ஸ் நகரில் ஏற்ற உடன்பாடு, நூல்களுக்குச் சுங்க வரி கூடாது என்கிறது. எங்களுக்கு அதில் இன்னும் பிடித்தது ஒரு துணை விதி. இறக்குமதியின்போது அரசு அமைப்புகள் பெறும் பிற கட்டணங்கள், செய்த சேவையின் உண்மைச் செலவை ஒட்டியே இருக்கவேண்டும் என்று அது வரம்பு கட்டுகிறது. இந்த உடன்பாட்டில் கையெழுத்திட்ட பிலிப்பைன்ஸ் நாட்டிலேயே 2009இல் சுங்கத்துறை நூல்களுக்கு வரி கேட்டது. வாசகர்களும் எழுத்தாளர்களும் எழுதி எழுதியே அதை நாடறியச் செய்தார்கள். அவ்வாண்டு மே மாதத்தில் குடியரசுத் தலைவர் அர்ரோயோ அந்த வரியை நீக்க ஆணையிட்டார்.

அதுபோன்ற வேகம் நம்மிடம் வருமா என்பது ஐயமே. எனினும் எங்கள் கோரிக்கை பெரியதன்று. சொந்தப் படிப்புக்காகச் சிறு அளவில் வரும் நூற்பொதிக்கு, ஒரு வரம்புவரை வரி வேண்டாம். 400 ரூபாயைத் திரட்டுவதற்கு 1,500 ரூபாய் செலவாகும் ஏற்பாட்டால் அரசுக்கும் பெரிய இலாபமில்லை. கூரியர் நிறுவனங்கள் தங்கள் கட்டணத்தைப் பொதி புறப்படும் முன்பே சொல்லவேண்டும். வாசலில் வந்து சொல்வது வணிகமாகாது.

இன்னொன்றும் உண்டு. 1948இல் இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டத்தின்படி, நாங்கள் சொத்து வரியோடு நூலக வரியும் கட்டிவருகிறோம். அந்த வரியைக் கட்டுவதில் எங்களில் எவருக்கும் முணுமுணுப்பு இருந்ததில்லை. அதிலிருந்து ஒரு சிறு பங்கைக் கொண்டு, ஈழத்திலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கனடாவிலும் வெளியாகும் தமிழ் நூல்களை ஆண்டுக்கு ஒரு முறை மொத்தமாகத் தருவித்துக் கிளை நூலகங்களுக்கு அனுப்பலாம். எங்கள் பகுதி நூலகத்தில் நாங்கள் தேடியவரை அப்படியொரு நூலும் அகப்படவில்லை.

அதுவரைக்கும் பழைய வழிதான். பூந்தமல்லி நண்பரின் மகள் மார்கழியில் டொராண்டோவிலிருந்து வருகிறாள். பதினோரு நூல்களின் பட்டியலை அனுப்பியிருக்கிறோம். பெட்டியில் இடம் இருக்குமா என்று பார்த்துச் சொல்வதாகப் பதில் வந்திருக்கிறது. ஆடியில் வந்த ஆறு நூல்களில் நான்கு சுற்றில் இருக்கின்றன. ஆவடிக்குப் போன இரண்டு இன்னும் திரும்பவில்லை.