கொலைகாரனிடம் கதை கேட்பவர்கள்

ஒரு வீட்டுக்குள் இரண்டு பேர் புகுந்திருக்கிறார்கள். கணவன் தரையில் கிடக்கிறான். மனைவி ஒருவன் பிடியில். மகன் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருகிறான். நிறம் மங்கிய, ஆட்டம் காணும் வீடியோப் படம். ஒரு கட்டத்தில் கேமரா தரையில் விழுந்து, விழுந்த கோணத்திலேயே நடப்பதையெல்லாம் பதிவு செய்கிறது. மூவரும் கொல்லப்படுகிறார்கள். கொலை நடக்கும்போதே பார்க்கிறோம் என்றுதான் அதுவரை நினைத்திருப்போம். ஆனால் கொன்றவர்கள் இருவரும் தங்கள் வீட்டு சோபாவில் சாய்ந்துகொண்டு, தாங்களே எடுத்த வீடியோவை டிவியில் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவனான ஓட்டிஸ் இன்னொரு தடவை பார்க்கவேண்டும் என்கிறான். பின்னுக்கு ஓட்டி, மெதுவாக, சட்டகம் சட்டகமாக நகர்த்திப் பார்க்கிறான்.

ஜான் மெக்நாட்டன் இயக்கிய ‘ஹென்றி: போர்ட்ரெய்ட் ஆஃப் எ சீரியல் கில்லர்’ என்ற அமெரிக்கப் படத்தில் வரும் காட்சி இது. 1985-இல் சிகாகோவில், 16 எம்.எம். பிலிமில், சுமார் நான்கு வாரத்தில், ஏறத்தாழ 1,10,000 டாலர் செலவில் எடுத்தார்கள். ஹென்றியாக நடித்த மைக்கேல் ரூக்கருக்கு இதுதான் முதல் படம். பணம் போட்டவர்கள் வீடியோ கேசட் வியாபாரிகள். ரத்தம் தெறிக்கும் திகில் படம் ஒன்று கடையில் ஓடினால் போதும் என்று கேட்டவர்களுக்கு, முடிந்த படத்தைப் பார்த்ததும் என்ன செய்வதென்று தெரியவில்லை. 1986-இல் சிகாகோ திரைப்பட விழாவில் திரையிடப்பட்ட படம் முறையாகத் திரையரங்குக்கு வர 1990 ஆயிற்று.

தாமதத்துக்கு இன்னொரு காரணம், அமெரிக்காவில் படங்களுக்குத் தரப்பிரிவு கொடுக்கும் அமைப்பு குத்திய ‘எக்ஸ்’ முத்திரை. நீலப்படங்களின் அடையாளமாகிவிட்ட அந்த முத்திரை இருந்தால் பெரும்பாலான திரையரங்குகள் படத்தை எடுக்காது, பல பத்திரிகைகள் விளம்பரம் வாங்காது. இன்ன இடத்தை வெட்டினால் மாற்றித் தருகிறோம் என்ற பேச்சுக்கும் இடமில்லாமல் போயிற்று; படத்தின் ஒழுக்கத் தொனியே கோளாறு என்றார்கள். இந்தப் படமும் இன்னும் சில படங்களும் கிளப்பிய சர்ச்சைக்குப் பிறகுதான் 1990-இல் ‘எக்ஸ்’ போய் ‘என்சி-17’ என்ற புதிய தரப்பிரிவு வந்தது. முத்திரை குத்தியவர்களின் முடிவை நாங்கள் ஏற்கவில்லை. ஆனால் அவர்கள் படத்தைச் சரியாகப் பார்த்திருக்கிறார்கள் என்றே சொல்வோம். எதை வெட்டினாலும் இந்தப் படம் தேறாது.

தொடக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். புல்வெளியில் ஒரு பெண்ணின் முகம்; கேமரா மெல்லப் பின்வாங்கும்போது அவள் இறந்து கிடப்பது தெரிகிறது. பிறகு ஒரு கடையில் சுடப்பட்டுக் கிடக்கும் தம்பதி. பிறகு குளியலறையில் முகத்தில் பாட்டில் செருகப்பட்ட ஒரு பெண். கொலைகள் நம் கண்முன் நடப்பதில்லை. அசையாத உடல்களின் மேல் அந்தந்தக் கொலையின் கூச்சல் ஒலியாக மட்டும் வருகிறது. நடுநடுவே ஹென்றி கார் ஓட்டுகிறான், காசு கொடுத்துச் சாப்பிடுகிறான், பரிமாறிய பெண்ணிடம் நல்லவிதமாக நாலு வார்த்தை பேசுகிறான். துப்பறிகிறவர் யாரும் வரப்போவதில்லை. போலீஸ் வண்டி வந்து நிற்கப்போவதில்லை. கடைசிவரை அவனை யாரும் தேடுவதே இல்லை.

1989-இல் டெலுரைட் விழாவில் திரையிட்டபோது பலர் பாதியில் எழுந்து போனார்கள். அங்கே பார்வையாளர்கள் இரண்டாகப் பிரிந்து நின்றதை ரோஜர் ஈபர்ட் தம் விமர்சனத்தில் பதிவு செய்திருக்கிறார். அவர் படத்தின் பக்கம் நின்றவர். எழுந்து போகிறவர்களைச் சினிமா தெரியாதவர்கள் என்று ஒதுக்கிவிடும் வழக்கம் சிற்றிதழ்ச் சூழலில் வேரூன்றியிருக்கிறது. இது தவறு. ஒரு குடும்பம் கொல்லப்படுவதைப் பார்த்து ஒருவருக்குக் குமட்டுகிறது, வெளியே போகிறார் என்றால், படம் சொல்ல வந்தது அவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. நமக்குக் கவலை தரவேண்டியவர் வேறொருவர். ரத்தத்தின் நிறம் சரியில்லை, கழுத்து அறுபடுவதில் நம்பகத்தன்மை போதவில்லை என்று மதிப்பெண் போடுகிறவர் ஓட்டிஸின் சோபாவில் அவனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

மெக்நாட்டன் இந்த இடத்துக்கு நம்மைப் படிப்படியாகத்தான் கொண்டுவருகிறார். ஓட்டிஸ் தன் டிவியை உதைத்து உடைக்கிறான். இருவரும் திருட்டுச் சாமான் விற்கும் ஒருவனிடம் வேறு டிவி வாங்கப் போகிறார்கள். அந்த வியாபாரி வாயைத் திறந்தாலே அவமதிப்பு, எகத்தாளமாகவே பேசுகிறான். ஹென்றியும் ஓட்டிஸும் அவனைக் குத்தி, டிவிப் பெட்டியைத் தலையில் போட்டு உடைத்து, மின்சாரத்தையும் போட்டுவிடுகிறார்கள். பார்க்கிறவருக்குச் சிரிப்பு வரும்படிதான் காட்சி அமைந்திருக்கிறது. வேண்டும் இவனுக்கு என்று ஒரு கணம் நாமும் கொலைக்குச் சம்மதிக்கிறோம். அங்கிருந்து எடுத்து வந்த வீடியோ கேமராதான் அந்தக் குடும்பத்தின் வீட்டுக்குள் நுழைகிறது. வியாபாரி செத்தபோது சிரித்த வாய்க்கு இங்கே ஒரு காரணமும் கிடைக்காது. அந்த மூன்று பேர் யாருக்கும் ஒன்றும் செய்யவில்லை.

பிரிட்டனின் தணிக்கை அதிகாரி ஜேம்ஸ் ஃபெர்மனுக்கு இந்தக் காட்சியின் வலிமை புரிந்தது, அதனாலேயே அஞ்சினார். 1993-இல் வீடியோ வெளியீட்டுக்காக அவர் வெட்டியதோடு நிற்கவில்லை, காட்சியின் வரிசையையே மாற்றினார். கொலைகாரர்கள் சோபாவில் உட்கார்ந்து பார்க்கும் ஷாட்டைக் கடைசியிலிருந்து எடுத்து முன்னால் செருகினார். பார்ப்பது பதிவு செய்த வீடியோ என்று சீக்கிரமே தெரிந்துவிட்டால் பார்வையாளருக்குக் கொஞ்சம் விலகல் கிடைக்கும் என்பது அவர் எண்ணம். கிடைத்தது உண்மைதான். ஆனால் இத்தனை நேரமும் நாம் கொலைகாரன் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று கடைசியில் விழுகிற அடி போய்விட்டது. ஒரு ஷாட்டை இடம் மாற்றியதில் பார்வையாளர் மேல் இருந்த குற்றச்சாட்டே தள்ளுபடி ஆனது. 2003-இல்தான் அங்கே முழுப்படமும் வெட்டில்லாமல் அனுமதிக்கப்பட்டது. இந்தப் படத்தைப் பார்க்க விரும்பும் நண்பர்கள் அந்த முழு வடிவத்தையே தேடிப் பாருங்கள். இல்லையென்றால் பார்க்காமலே இருங்கள். அரைகுறை வடிவம் வெறும் ரத்தம்தான்.

ரத்தம் அதிகம் சிந்தாத ஒரு காட்சியைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எங்கள் பார்வையில் படத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது. ஹென்றியும் ஓட்டிஸின் தங்கை பெக்கியும் மேசையில் சீட்டு ஆடிக்கொண்டிருக்கிறார்கள். நீ உன் அம்மாவைக் கொன்றது நிஜமா என்று அவள் கேட்கிறாள். அவன் சொல்கிறான். அம்மா நடத்திய வாழ்க்கை, தன்னைப் பெண்பிள்ளை உடுப்பு போடவைத்து அவமானப்படுத்தியது, எல்லாம் சொல்கிறான். குத்திக் கொன்றேன் என்றவன் சற்று நேரத்தில் சுட்டேன் என்கிறான். குத்தினேன் என்றுதானே சொன்னாய் என்று அவள் கேட்க, ஆமாம், குத்தினேன் என்று திருத்திக்கொள்கிறான். பெக்கிக்கு அந்த முரண் ஒரு பொருட்டில்லை. தன் தகப்பன் தனக்குச் செய்த கொடுமையை அவனிடம் சொல்கிறாள், அவன்மேல் பிரியம் வைக்கிறாள். கொலைகாரனுக்கு ஒரு பிளாஷ்பேக் கிடைத்துவிட்டால் நம் மனமும் இப்படித்தான் இளகிவிடும். படத்தின் முடிவில் ஹென்றி ஒரு பெட்டியைச் சாலையோரம் வைத்துவிட்டுக் காரில் ஏறிப் போகிறான். பெக்கி அதற்குப் பிறகு இல்லை.

இந்த ஹென்றிக்கு மூலம் ஹென்றி லீ லூகாஸ் என்ற நிஜ மனிதன். 1960-இல் தன் தாயைக் கொன்று சிறைக்குப் போனவன். 1983-இல் டெக்சஸில் மறுபடி கைதானதும் கொலை கொலையாக ஒப்புக்கொள்ள ஆரம்பித்தான். எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் போயிற்று. அவனுக்காகவே டெக்சஸ் ரேஞ்சர்ஸ் தனிக்குழு அமைத்தது. பல மாநிலங்களிலிருந்து போலீஸ்காரர்கள் தங்கள் தீராத வழக்குகளின் கோப்போடும் புகைப்படங்களோடும் வந்து வரிசையில் நின்றார்கள். அவனுக்கு சிகரெட்டும் மில்க்‌ஷேக்கும் கிடைத்தன. கேட்கிறவர் முகம் பார்த்து, காட்டிய படத்தைப் பார்த்து, அவர் கேட்க விரும்பியதை அவன் சொன்னான். 200-க்கும் மேற்பட்ட வழக்குகள் அவன் பெயரில் மூடப்பட்டன.

அவன் அத்தனை கொலைகளைச் செய்திருக்கவே முடியாது என்று 1985-இல் டல்லாஸ் பத்திரிகையாளர் ஹியூ எயின்ஸ்வொர்த் எழுதினார். மறு ஆண்டு டெக்சஸ் அட்டர்னி ஜெனரல் அலுவலக அறிக்கையும் அதே முடிவுக்கு வந்தது. ஆரஞ்சு நிறக் காலுறையோடு கிடைத்த ஒரு பெண்ணின் கொலைக்காகத்தான் அவனுக்கு மரண தண்டனை. அந்தச் சமயத்தில் அவன் புளோரிடாவில் கூரை வேலை செய்துகொண்டிருந்தான் என்பதற்கு வேலைப் பதிவேடு இருந்தது. 1998-இல் ஆளுநர் ஜார்ஜ் புஷ் அந்தத் தண்டனையை ஆயுளாகக் குறைத்தார். 150-க்கும் மேற்பட்டோரின் மரண தண்டனை நிறைவேறிய அவருடைய பதவிக்காலத்தில் அவர் குறைத்தது அது ஒன்றைத்தான். லூகாஸ் 2001-இல் சிறையில் செத்தான்.

ஹென்றி என்பவனின் வாக்குமூலங்களை ஓரளவு தழுவிய கற்பனை இது, அவற்றில் பலவற்றை அவன் பிறகு மறுத்துவிட்டான் என்று படத்தின் தொடக்கத்திலேயே அறிவிப்பு போடுகிறார்கள். சீட்டாட்டக் காட்சியில் ஹென்றி தடுமாறும் இடமும் அந்தச் சந்தேகத்திலிருந்து வந்ததுதான். விசாரணை அதிகாரிகளில் பலர் காதில் வாங்காத முரணை, குறைந்த செலவில் எடுத்த ஒரு திகில் படம் காதில் வாங்கியிருக்கிறது.

படத்தின் மேல் எங்களுக்கு ஒரு மனக்குறை உண்டு. நிஜத்தில் லூகாஸோடு சுற்றிய ஓட்டிஸ் டூலுக்கு பெக்கி தங்கை அல்ல, சகோதரியின் மகள்; லூகாஸ் கையால் செத்தபோது பதினைந்து வயதுச் சிறுமி. படம் அவளை வயதுவந்தவளாக்கி, காதலுக்கு ஏங்குகிறவளாக்கிவிட்டது. கொலைகாரன் பெயரை மாற்றாத இயக்குநர் செத்தவள் வயதை மாற்றியிருக்கிறார்.

இந்தக் குறை இன்று பெருந்தொழிலாகியிருக்கிறது. 2022-இல் தொடர்கொலைகாரன் ஜெஃப்ரி டாமர் பற்றிய தொடர் உலகமெங்கும் பார்க்கப்பட்டபோது, அவன் கொன்றவர்களின் உறவினர்களில் சிலர், எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். நீதிமன்றத்தில் ஒரு சகோதரி கதறியதைக்கூட நடிகையை வைத்து அப்படியே எடுத்திருந்தார்கள். நேயர்கள் பலர் டாமரின் தனிமையைப் பற்றி இரக்கத்தோடு பேசிக்கொண்டிருந்தார்கள்.

லூகாஸ் பெயரில் மூடிய வழக்குகளில் பலவற்றில் பிற்பாடு டி.என்.ஏ. சோதனை வேறு ஆட்களைக் காட்டியது. அவன் மில்க்‌ஷேக் குடித்துக்கொண்டு கதை சொன்ன காலத்தில் அந்த ஆட்களைத் தேட ஒருவரும் போகவில்லை. வழக்குதான் முடிந்துவிட்டதே.