கஜா புயலும் கணக்கில் வராத கூலியும்

"வாழ்க்கையில் எது வந்தாலும் ஏற்றுக்கொள்ளப் பழகுங்கள்" என்று கல்லூரி கல்லூரியாகப் போய்ப் பேசுகிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். தஞ்சாவூர், மன்னார்குடி, திருவாரூர் பக்கம் படிக்கும் நம் பிள்ளைகளும் உட்கார்ந்து கேட்டு, கைதட்டிவிட்டு வருகிறார்கள். அந்தப் பேச்சு முழுக்கத் தவறு என்று சொல்லமாட்டேன். ஆனால் அதில் ஒரு கேள்வி எப்போதும் விடுபட்டுப்போகிறது: வந்த கஷ்டம் எங்கிருந்து வந்தது?

கஜா புயலை எடுத்துக்கொள்வோம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. பேராவூரணி, பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு வட்டாரத்தில் தோப்பு தோப்பாகத் தென்னை சாய்ந்தது. அந்தக் காற்றை யாரும் ஏவிவிடவில்லை. பட்டாக்காரர் மரமும் விழுந்தது, அவர் தோப்பில் கூலிக்குப் போனவர் கூரையும் பறந்தது. இந்த மட்டும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும், வேறு வழியில்லை. அழுகிறவர்கள் அழட்டும். உடனே போய் "தைரியமா இருங்க" என்று ஆரம்பிக்காதீர்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். விழுந்த தென்னைக்கு 600 ரூபாய், அதை வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாய், ஆக மரத்துக்கு 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்தது. இது எந்த மூலைக்கு என்று தென்னை விவசாயிகள் கேட்டார்கள். நியாயம்தான்; புதுக்கன்று காய்ப்புக்கு வர ஐந்தாறு வருஷம் ஆகும். சரி, அதே மரத்தில் ஏறிக் காய் பறித்தவர்? மட்டை உரித்தவர்? கீற்று பின்னிய பெண்கள்? அவர்களுக்கும் அதே ஐந்தாறு வருஷத்து வேலைதானே போனது! குடிசைக்கு ஒரு தொகை தந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் மரத்துக்கு ஒரு விலை போட்டதுபோல, அந்த மரத்தை நம்பியிருந்த கைகளுக்கு யாரும் விலை போடவில்லை. நிவாரணம் பட்டாவைப் பார்த்து எழுதப்படுகிறது. டெல்டாவில் பட்டா யார் கையில் இருக்கிறது, நம் சேரியில் ஏன் இல்லை என்பது புயல் செய்த வேலையா?

அம்பேத்கர் இறந்த பிறகு, 1957இல் வெளிவந்த ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலைப் படிக்காதவர்கள் படித்துவிடுங்கள். ஒரு கிழவரையும் நோயாளியையும் பிணத்தையும் கண்டு சித்தார்த்தன் வீட்டைத் துறந்தான் என்ற வழக்கமான கதையை அவர் ஏற்கவில்லை. 29 வயது வரை ஒருவன் இவற்றைப் பார்க்காமலா இருந்திருப்பான் என்று கேட்கிறார். ரோகிணி ஆற்றுத் தண்ணீருக்காகச் சாக்கியரும் கோலியரும் மோதியபோது, போருக்குச் சம்மதிக்காமல் வெளியேறியவன் அவருடைய சித்தார்த்தன். காவிரிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. மூப்பும் சாவும் எல்லாருக்கும் வரும். மனிதனுக்கு மனிதன் செய்யும் துக்கத்தை முற்பிறவிக் கணக்கில் எழுதிவைக்க அம்பேத்கர் சம்மதிக்கவில்லை.

நம் பண்ணையாள் முன்னோர்களுக்கு சவுக்கடியும் சாணிப்பாலும்கூடத் தலைவிதி என்றுதான் சொல்லப்பட்டது. 1943இல் தென்பரையில் சங்கம் வைத்தார்கள். அடுத்த வருஷமே மன்னார்குடி ஒப்பந்தத்தில் அந்தத் தண்டனைகள் கூடாது என்று மிராசுதார்கள் கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று. எல்லா ஊரிலும் மறுநாளே நின்றுவிடவில்லை. ஆனால் அதை இனி யாரும் விதி என்று சொல்ல முடியவில்லை.

ஆகவே, அடுத்த புயலோ வெள்ளமோ வந்தால் மாணவத் தோழர்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. முதல் நாள் தண்ணீர், சோறு, தார்ப்பாய். மறுநாள் கையில் ஒரு நோட்டோடு நம் தெருவில் வீடு வீடாகப் போங்கள். குடும்ப அட்டை எண், யார் யார் என்ன கூலி வேலைக்குப் போனார்கள், எத்தனை நாள் வேலை போயிற்று, வீடு நிற்கும் இடம் பட்டாவா, புறம்போக்கா, கோயில் மனையா என்று எழுதுங்கள். பெண்களின் கூலியைக் கணவன் பெயரில் சேர்க்காமல் தனியாக எழுதுங்கள். இதை வலியுறுத்திச் சொல்கிறேன், நம் சங்கங்களே இதில் கோட்டை விடுகின்றன. இடிந்த சுவரைத் தேதி தெரியும்படி போனில் படம் எடுங்கள். கணக்கெடுக்க வருகிறவர் குடியானத் தெருவோடு திரும்பிப் போய்விட்டால், அந்த நோட்டுதான் நம் பட்டியல். வி.ஏ.ஓ.விடம் ஒரு நகல், தாசில்தாரிடம் ஒரு நகல், திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் ஒரு நகல். மூன்று இடத்திலும் ரசீது கேட்டு வாங்குங்கள். நாளைக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேள்வி போட அந்தத் துண்டுச் சீட்டுதான் பிடி.

ஐப்பசி அடைமழை பிடிப்பதற்கு முன்பே தெருவில் எல்லாருடைய அட்டை நகலையும் வாங்கி ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள். போன முறை பாதிப் பேருடையது தண்ணீரோடு போய்விட்டது.