பழத்தின் பெயரை எழுதி வையுங்கள்!

நம்ம தர்மபுரிக்குப் பழைய பெயர் தகடூர். இங்கே அதியமான் ஔவைக்குத் தந்த நெல்லிக்கனியை இன்றைக்கும் எல்லோருக்கும் தெரியும். ஏன்? ஔவை அதைப் பாடி வைத்தார். மற்ற பழங்களுக்கு அந்த யோகம் இல்லை.

கே.சி. நாயக் என்ற தோட்டக்கலை அறிஞரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? தென்னிந்தியப் பழங்களைப் பற்றி 1949-ல் பெரிய நூல் எழுதினார். 1950-ல் கங்கோலியுடன் சேர்ந்து, தென்னிந்திய மாம்பழங்களை வகைப்படுத்திப் பெயர்களை ஒழுங்குசெய்து இன்னொரு நூல். பிறகு பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார்.

பெயருக்கா இவ்வளவு பாடு என்று கேட்காதீர்கள். நம்ம தோப்பில் விளையும் பெங்களூராவுக்குக் கிளிமூக்கு, தோத்தாபுரி என்றும் பெயர்கள் உண்டு. மாம்பழத்தில் இது பரவாயில்லை. மருந்தில் பெயர் மாறினால் சரக்கே மாறிவிடும். வடக்கே சிலர் வல்லாரையையே பிரம்மி என்பார்கள். நமக்கு நீர்ப்பிரமி வேறு செடி!

காரை, சூரை, களா எல்லாம் நம்ம காட்டுமேட்டுப் பழங்கள். பாட்டிக்கு அடையாளம் தெரியும், பேரனுக்குத் தெரியாது. தெரியாததைப் பறித்துத் தின்றால் ஆபத்து. தெரிந்தவர் போய்விட்டால் பழம் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

இதற்கு நாயக் மாதிரி பெரிய படிப்பு வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள்: பழத்தின் பெயர், இலை எப்படி, முள் உண்டா, எந்த மாதம் பழுக்கும், எப்படிச் சாப்பிடுவார்கள்? பிள்ளைகள் கையால் எழுதட்டும். நல்ல மருந்துக்கு முதல் சரக்கு, சரியான பெயர்தான்.