18 கோடி தகுமா?

2025 டிசம்பர் 16ஆம் திகதி அபுதாபியில் நடந்த ஐ.பி.எல். ஏலத்தில் நமது மதீஷ பத்திரனவைக் கொல்கத்தா அணி 18 கோடி இந்திய ரூபாவுக்கு வாங்கியது. நம் காசில் சுமார் 60 கோடி. கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்த பிள்ளை. அன்று அவருக்கு 23 வயது பூர்த்தியாக இன்னும் இரண்டு நாள் இருந்தது.

"நானா, பந்து போடுற பொடியனுக்கு இவ்வளவு காசு நியாயமா?" என்று ஹட்டனில் என் கடைக்கு வருபவர்கள் பலர் கேட்டுவிட்டார்கள். அதை வெறும் பொறாமை என்று தள்ளிவிட முடியாது. தோட்டத் தொழிலாளிக்கு 2026 வரவுசெலவுத் திட்டத்தில் சொல்லப்பட்ட நாட்சம்பளம், வரவுக் கொடுப்பனவு 200 ரூபாவையும் சேர்த்து 1,750 ரூபா. மாதம் 25 நாள் வேலை என்று வைத்தால், அந்த 60 கோடி சுமார் 1,140 தொழிலாளர்களின் ஒரு வருடச் சம்பளம். வயிறு எரியத்தானே செய்யும்!

இருந்தாலும் ஒரு வியாபாரியாக என் பதில்: நியாயம்தான்.

முதலாவது, அந்த விலையை அவர் கேட்டு வாங்கவில்லை. அவருடைய ஆரம்ப விலை 2 கோடி. டெல்லியும் லக்னோவும் போட்டிபோட்டு ஏற்றின, கடைசியில் கொல்கத்தா எடுத்தது. சரக்கின் விலையைத் தீர்மானிப்பது அது தேவைப்படுகிறவன்தான்.

இரண்டாவது, இதே பிள்ளை 2023இல் சென்னை அணிக்காக 19 விக்கெட் எடுத்துக் கிண்ணம் வெல்ல உதவியபோது அவருடைய சம்பளம் வெறும் 20 இலட்சம். அன்று "பாவம், குறைவாகக் கொடுக்கிறார்களே" என்று யாரும் கேட்கவில்லை.

மூன்றாவது, ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை 2023 முதல் 2027 வரை ஐந்து வருடத்துக்கு 48,390 கோடி இந்திய ரூபாவுக்கு விற்கப்பட்டது. வருடத்துக்குச் சுமார் 9,678 கோடி. 2026 ஏலத்தில் ஓர் அணி வீரர்களுக்குச் செலவிடக்கூடிய உச்சத் தொகை 125 கோடி. பத்து அணிக்கும் சேர்த்து 1,250 கோடி. அதாவது ஒளிபரப்பில் வரும் 100 ரூபாவுக்கு ஆடுகிறவர்கள் கைக்குப் போவது 13 ரூபா அளவில்தான். பத்திரன வேண்டாம் என்று சொன்னால் அந்தக் காசு மஸ்கெலியாவுக்கு வரப்போவதில்லை, முதலாளிமாரிடமே தங்கிவிடும்.

நட்டமும் ஆட்டக்காரனுக்குத்தான். வனிந்து ஹசரங்க 2022இல் 10.75 கோடிக்குப் போனார். 2025 டிசம்பரில் அவர் விலை 2 கோடி. தோளோ காலோ ஒருமுறை பிசகினால் சந்தை திரும்பிப் பார்க்காது. ஆகவே இந்தப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது, கிடைத்ததைக் காணியிலும் தொழிலிலும் போடுங்கள், காரில் போடாதீர்கள்.

அப்படியானால் நம் மனதை உறுத்துவது எது? கொழும்பில் 1883 முதல் தேயிலையும் ஏலத்தில்தான் போகிறது. ஆனால் அங்கே விலை ஏறினால், கொழுந்து பறித்த பெண்ணின் நாட்சம்பளம் தானாக ஏறுமா? ஏறாது. அதற்குச் சம்பள நிர்ணய சபை, வர்த்தமானி, வழக்கு, போராட்டம் என்று வருடங்கள் போகும். 1,000 ரூபா கிடைக்கவே 2021 வரை காத்திருந்தார்கள். கிரிக்கெட் ஏலத்தில் விலை ஏறினால் ஆடுகிறவனுக்கு ஏறுகிறது. தேயிலை ஏலத்தில் பறிக்கிறவளுக்கு ஏறுவதில்லை.

ஆகவே பத்திரனவுக்கு ஏன் இவ்வளவு என்று கேட்பதை விடுவோம். ஏல விலையில் ஒரு பங்கு கொழுந்து பறிப்பவருக்கும் போகும்படி சம்பளத்தை ஏன் அமைக்கக்கூடாது என்று தோட்டக் கம்பனிகளிடமும் தொழிற்சங்கங்களிடமும் கேட்போம். தொழிலாளியின் கையில் நாலு காசு புழங்கினால்தான் ஹட்டன் கடைத்தெருவிலும் வியாபாரம் நடக்கும். இதில் நம் நன்மையும் இருக்கிறது.