விரிடி பச்சையாகவில்லையே, கொட்டிவிடலாமா?

கேள்வி: ஐயா, நிலக்கடலைக்குப் போட ஒரு கிலோ டிரைக்கோடெர்மா விரிடியை 100 கிலோ மக்கிய தொழு உரத்தில் கலந்து, பாலிதீன் தாளால் மூடி பத்து நாள் ஆகிறது. திறந்து பார்த்தால் வெள்ளையாக நூல் நூலாக இருக்கிறது, பச்சை வரவே இல்லை. போலியா? போன பட்டத்தில் வேரழுகலில் பாதிச் செடி போய்விட்டது. கொட்டிவிட்டு வேறு வாங்கட்டுமா?

- திருவண்ணாமலை மாவட்ட வாசகர்

பதில்: அவசரப்பட்டுக் கொட்டாதீர்கள். நடுவில் ஒரு முறையாவது குவியலைக் கிளறினீர்களா? இல்லையென்றால் காரணம் அதுதான்.

விரிடியின் உடம்பு வெள்ளை நூல். பச்சையாகத் தெரிவது அதன் வித்துகள். சாப்பாடும் ஈரமும் இருந்து, இருட்டில் நிம்மதியாக இருக்கும்வரை அது நூலாகவே ஓடிக்கொண்டிருக்கும். வித்துக் கட்ட அதற்கு ஒரு தூண்டுதல் வேண்டும்.

முதல் தூண்டுதல் வெளிச்சம். இதன் செல்லுக்குள் நீல ஒளியை உணரும் புரதங்கள் உண்டு. வெளிச்சம் பட்டதும் அவை வித்து உண்டாக்கும் மரபணுக்களை இயக்கிவிடும். ஆய்வகத்தில் இருட்டில் வளர்ந்த விரிடிக்குச் சில நிமிட வெளிச்சம் காட்டினால் போதும், ஓரிரு நாளில் பச்சை வளையம் கட்டிவிடும். இரண்டாவது தூண்டுதல் காயம். நூல் அறுபட்டால் பக்கத்துச் செல்களுக்கு ஆபத்துச் செய்தி போகிறது. அவையும் வித்துக் கட்டத் தொடங்கும். சாப்பாடு தீர்ந்தாலும் இதே கதைதான்.

குவியலை 3-4 நாளுக்கு ஒரு முறை கிளறச் சொல்வதில் வெளிச்சம், காயம், காற்று மூன்றும் ஒன்றாகக் கிடைக்கின்றன. பணியில் சேர்ந்த புதிதில் நானும் "மூடி வையுங்கள்" என்பதை மட்டும் அழுத்திச் சொல்லிவிட்டு, கிளறுவதற்கான காரணத்தைச் சொல்லாமல் விட்டவன்தான்.

பச்சை வருவது வெறும் அழகுக்கு அல்ல. நூல் காய்ந்தால் செத்துவிடும். வித்து காய்ச்சலைத் தாங்கி, நிலத்தில் ஈரம் கண்டதும் முளைக்கும்.

இப்போது செய்ய வேண்டியது:

* குவியலை நிழலில் வைத்து நன்றாகப் புரட்டுங்கள். நேர் வெயில் கூடாது.
* கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. அந்த அளவுக்குத் தண்ணீர் தெளித்து, காற்றுப் போகும்படி ஈரச் சாக்கால் மூடுங்கள்.
* மூன்று நாள் கழித்து மறுபடி புரட்டுங்கள். ஒரு வாரத்துக்குள் பச்சை பூக்க வேண்டும்.
* அப்போதும் பச்சை வராவிட்டால், அல்லது கறுப்புப் பூசணமோ அழுகல் நாற்றமோ இருந்தால், அதை நம்ப வேண்டாம். புதிதாக வாங்கும்போது காலாவதித் தேதியையும், கிராமுக்கு 20 லட்சம் உயிரணு என்ற அளவையும் பையில் பாருங்கள்.

வேரழுகல் கண்ட நிலம் என்பதால் இதோடு நிறுத்தாதீர்கள். ஒரு கிலோ விதைப் பருப்புக்கு 4 கிராம் விரிடி கலந்து விதை நேர்த்தியும் செய்யுங்கள். ரசாயனப் பூசணக்கொல்லி, சாம்பல், உரம் எதையும் இதனுடன் கலக்கக் கூடாது.

வீட்டில் யாராவது காளான் வளர்த்தால், இந்தக் குவியல் அந்தக் குடில் பக்கமே இருக்க வேண்டாம். வயலில் நண்பனான இந்தப் பச்சை, காளான் படுக்கையில் எதிரி.